பழைய எஞ்சினுக்குப் புதிய பிஸ்டன்: இணைப்புத் தண்டுடன் ஒத்திசையும் வகை

இயந்திரம் ஒன்றில் தேய்ந்த உறுப்பை நீக்கிப் புதியதைப் பொருத்துங்கால், அது தன் இடத்தில் சரியாக அமர்ந்துவிட்டதா என்பதையே நாம் முதலில் நோக்குகிறோம். அமர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் இயல்பு. ஆயின் சில உறுப்புகள் தனித்து நின்று தொழில் செய்வன அல்ல. தம்மோடு இணைந்து இயங்கும் உறுப்புகளோடு அளவாலும், எடையாலும், அமைப்பாலும் ஒத்திருத்தல் வேண்டும். மோட்டார் எஞ்சினின் பிஸ்டனும், தொழிற்கூடங்களில் 'கனெக்டிங் ராடு' என வழங்கும் இணைப்புத் தண்டும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், அதன் அடிப்படையான பௌதிக நியதிகளையும் இக்கட்டுரை விளக்கும்.

எடுத்துக்காட்டாக நம் நாட்டினர் யாவரும் நன்கறிந்த அம்பாஸடர் காரின் எஞ்சினைக் கொள்வோம். மேற்கு வங்காளத்திலுள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் 1957ஆம் ஆண்டு முதல் உருவான இக்கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவியது. 1959ஆம் ஆண்டில் இதற்கு 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வால்வுகள் மேலே அமைந்த, 'பி வரிசை' எனப்படும் எஞ்சின் வந்தது. 2014ஆம் ஆண்டில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் பழைய கார்களைப் பேணுவோர் பலரிடத்தும், தொழிற்பயிற்சிக் கூடங்கள் சிலவற்றிலும் இந்த எஞ்சின்கள் இன்றும் உள்ளன. புதிய எஞ்சின் வார்ப்பு இனி வரப்போவதில்லை. உள்ளவற்றைக் கெடாமல் காப்பதொன்றே வழி. ஆதலின் பொருந்தாத பிஸ்டன் ஒன்றால் எஞ்சின் உடையுமாயின், நட்டம் அந்தப் பிஸ்டனின் விலையோடு நிற்பதில்லை. மீண்டும் பெறுதற்கரிய வார்ப்பையே இழக்க நேரிடும்.

விசையின் அளவு

இந்த எஞ்சினில் சிலிண்டர் ஒவ்வொன்றின் விட்டமும் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 88.9 மில்லிமீட்டர். இணைப்புத் தண்டின் இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட நீளம் 165.1 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலம்.

எஞ்சின் நிமிடத்திற்கு 4000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேல் எல்லையில் ஒருமுறையும் கீழ் எல்லையில் ஒருமுறையும் கணநேரம் நின்று திரும்ப வேண்டும். அஃதாவது ஒரு வினாடியில் ஏறத்தாழ 133 முறை அது நிறுத்தப்பட்டு எதிர்த்திசையில் செலுத்தப்படுகிறது. மேலே குறித்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், மேல் எல்லையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு என்பது புலனாகும். கீழ் எல்லையில் அது சுமார் 580 மடங்கு. தண்டு சாய்ந்து இயங்குவதால் இவ்விரு எல்லைகளுக்குமிடையே இவ்வேறுபாடு உண்டாகிறது.

இதன் பொருள் எளிதில் நினைவிற்கொள்ளத் தக்கது. அந்த வேகத்தில், பிஸ்டனின் ஒவ்வொரு கிராம் எடையும் மேல் எல்லையில் ஒரு கிலோகிராம் பாரத்திற்குச் சமமான விசையைத் தண்டின்மீது செலுத்துகிறது. பிஸ்டன், வளையங்கள், முள் ஆகியவை சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், விசை 400 கிலோகிராம் பாரத்தை ஒக்கும். புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டனை மேலிருந்து அழுத்தித் தடுக்க வாயுவின் அழுத்தம் ஏதுமில்லை. அப்போது அதைப் பிடித்து நிறுத்துவது தண்டும், தண்டின் அடிமூடியைப் பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளுமே. பழைய போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்துதல் ஏன் தகாது என்பதற்கு இதனினும் மேலான விளக்கம் வேண்டுவதில்லை.

வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அமைதியாகத் தோன்றும் எஞ்சின், நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வதைக் காணலாம். பணிமனையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து மனநிறைவு கொள்ளுதல் போதாது.

நான்கும் ஒரே எடையாதல்

நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாவதும் நான்காவதுமான பிஸ்டன்கள் மேலே செல்லுங்கால், இரண்டாவதும் மூன்றாவதும் கீழே செல்கின்றன. ஒரு சாராரின் விசையை மற்றொரு சாராரின் விசை பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது. மேல் எல்லை, கீழ் எல்லை முடுக்கங்களின் வேறுபாட்டால் எஞ்சும் சிறு அதிர்வு, ஒரு சுற்றுக்கு இருமுறை தோன்றுவது, இவ்வகை எஞ்சினின் பிறவிக் குணமாகும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள் அதனைப் பெரிதும் உள்வாங்கிக்கொள்கின்றன.

ஆனால் நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 கிராம் கனமாயிருப்பின் யாது நிகழும்? 4000 சுற்று வேகத்தில் 15 கிலோகிராம் பாரத்திற்கு நிகரான, ஈடுசெய்ய இணையில்லாத விசை ஒன்று, வினாடிக்கு 67 முறை எஞ்சினின் ஒரு கோடியைத் தூக்கித் தாழ்த்தும். மூன்று தாங்கிகளால் மட்டுமே ஏந்தப்படும் இந்த எஞ்சினின் கிராங்க் தண்டு அதனால் சிறிது சிறிதாக வளைந்து நிமிரும். தாங்கிகளின் மென்உலோகப் பூச்சு களைப்புற்று உதிரும். விளைவு ஒரே நாளில் தோன்றாது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னரே வெளிப்படும். அப்போது பழி எண்ணெயின்மீதோ, ஓட்டுநர்மீதோ சுமத்தப்படுவதும் உண்டு.

இதனின்று ஓர் உண்மை பெறப்படும். பிஸ்டன் சற்றுக் கனமானதா, இலேசானதா என்பதைவிட, நான்கும் தம்முள் ஒத்தனவா என்பதே முதன்மையான கேள்வி. ஒரு சிலிண்டர் மட்டும் கீறலுற்றது என்பதற்காக அதனை மட்டும் பெரிதாக்கி, பெரிய அளவுப் பிஸ்டன் ஒன்றை அங்கே பொருத்துவது சிக்கனம்போல் தோன்றும். அப்பிஸ்டன் மற்ற மூன்றினும் கனமாயிருக்கக்கூடும். நிறுத்துப் பாராமல் பொருத்துதல் கூடாது.

குறுக்களவும் இடைவெளியும்

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதைத் தொழிலாளர் 'ரீபோர்' என்பர். அதற்கேற்ப 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் மிகுதியான விட்டமுள்ள பிஸ்டன்கள் செய்யப்பட்டன. இந்த மிகை அளவு பிஸ்டனின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைதல் ஒவ்வொன்றும் வார்ப்பின் சுவரைக் குறைக்கிறது என்பதை மறத்தலாகாது. நான்காம் படியும் முடிந்தபின் எஞ்சியிருப்பது, 'ஸ்லீவ்' என்னும் குழாயைச் செருகிப் பழைய அளவுக்கு மீட்கும் வழியே. எனவே பிஸ்டனைக் கையில் பெற்று அளந்த பின்னரே சிலிண்டரைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பின்னர்ப் பிஸ்டனைத் தேடுவது முறையன்று.

அலுமினியக் கலவையாலான பிஸ்டனும் வார்ப்பிரும்பாலான சிலிண்டரும் வெப்பத்தால் ஒரே அளவில் விரிவதில்லை. 73 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 சென்டிகிரேடு டிகிரி சூடேறினால் சுமார் 0.15 மில்லிமீட்டர் விரியும். அதே அளவுள்ள வார்ப்பிரும்பு சுமார் 0.08 மில்லிமீட்டரே விரியும். இவ்வேறுபாட்டிற்கு இடம் விடாவிடில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுதியாக இடம் விட்டால் குளிர்ந்த நிலையில் சுவரோடு மோதித் தட்டும். பிஸ்டனின் உருவமும் முழுவட்டமன்று. முள்ளின் திசையில் குறுகியும் அதற்குச் செங்குத்தான திசையில் அகன்றும், தலைப்புறம் ஒடுங்கியும் அமைந்தது. ஆதலின் அதன் விட்டத்தை முள்ளுக்குச் செங்குத்தாக, உற்பத்தியாளர் குறித்த உயரத்தில் மட்டுமே அளக்க வேண்டும். வெவ்வேறு உற்பத்தியாளரின் உலோகக் கலவையும் வடிவமும் வேறுபடுமாதலின், ஒருவர் குறித்த இடைவெளியை மற்றொருவர் பிஸ்டனுக்குக் கொள்ளலாகாது.

முள்ளிலிருந்து தலை வரை

விட்டம் சரியாயிருந்தும் பிஸ்டன் தவறானதாக இருக்கக்கூடும். முள்ளின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் பலராலும் கவனிக்கப்படாத ஓர் அளவாகும். இவ்வுயரமும், இணைப்புத் தண்டின் நீளமும், கிராங்க் வட்டத்தின் ஆரமும் சேர்ந்தே பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலே வரும் என்பதை நிர்ணயிக்கின்றன.

எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 372 கன சென்டிமீட்டர். ஆகவே பிஸ்டன் மேல் எல்லையிலிருக்கும்போது எஞ்சும் இடம் 60 கன சென்டிமீட்டராகும். முள்ளிலிருந்து தலை வரையுள்ள உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், எஞ்சும் இடம் 64 ஆகப் பெருகி, அமுக்க விகிதம் 6.8 ஆகக் குறையும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் விகிதம் 7.7-ஐ நெருங்கும், பிஸ்டன் தலை மேல்மூடியையோ வால்வையோ தொடும் அபாயமும் உண்டு. ஒரே எஞ்சினில் இத்தகைய இருவகைப் பிஸ்டன்கள் கலந்திருந்தால், நான்கு சிலிண்டர்களும் சமமான ஆற்றலைத் தாரா. கார்பரேட்டரை எவ்வளவு திருத்தினும் அக்குறை நீங்காது.

'ஒரே கொள்ளளவு, ஒரே விட்டம். ஆகவே ஒரே உறுப்பு' என்று கருதுவோர்க்கு அம்பாஸடரே ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் இக்காருக்கு வந்த டீசல் எஞ்சினும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையதே. விட்டமும் வீச்சும் பெட்ரோல் எஞ்சினுடையவையே. ஆனால் டீசல் எஞ்சினின் அமுக்க விகிதம் 20-க்கும் மேற்பட்டது. அதன் பிஸ்டனும் தண்டும் அக்கடும் அழுத்தத்தைத் தாங்குதற்கென அமைந்தவை. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாகக் கொள்ளுதல் ஆகாது.

முள்ளைப் பிணைக்கும் மூவகை

பிஸ்டனையும் தண்டின் சிறுமுனையையும் இணைக்கும் எஃகு முள்ளைப் பிணைக்கும் முறைகள் மூன்று. முதல் முறையில், தண்டின் சிறுமுனை பிளவுபட்டிருக்கும். ஒரு போல்ட்டால் இறுக்கி முள்ளைக் கவ்விக்கொள்ளும். முள்ளின் நடுவில் அப்போல்ட்டு செல்ல ஒரு பள்ளம் உண்டு. இரண்டாம் முறையில், முள் தண்டிலும் பிஸ்டனிலும் தடையின்றிச் சுழலும். பக்கவாட்டில் நகராதபடி 'சர்க்ளிப்' எனப்படும் வளையங்கள் பிஸ்டனிலுள்ள காடிகளில் பொருந்தித் தடுக்கும். மூன்றாம் முறையில், சிறுமுனைத் துளை முள்ளைவிடச் சற்றுச் சிறியது. சூடாக்கியோ அழுத்தியோ முள்ளை அதில் இறுகச் செலுத்துவர்.

1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் முதல் முறையைச் சார்ந்தது. அதே வரிசையில் பின்னர் இங்கிலாந்தில் உருவான 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினிலோ, வெவ்வேறு காலங்களில் மூன்று முறைகளும் கையாளப்பட்டன. வீச்சு இரண்டிலும் 88.9 மில்லிமீட்டரே ஆதலின், ஒன்றின் தண்டை மற்றொன்றில் பொருத்தும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் கவ்வும் வகைத் தண்டுக்கென அமைந்த பிஸ்டனில் சர்க்ளிப்புக்குரிய காடி இராது. அதனைச் சுழலும் முள்ளுடைய தண்டோடு இணைத்தால், முள் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர்ச் சுவரில் ஆழமான உழவுச்சால் போன்ற கீறலை உண்டாக்கும். கவ்வும் போல்ட்டு தளர்ந்தாலும் இதே கேடு விளையும். ஆகவே பிஸ்டன், முள், தண்டு ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாகக் கருதித் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

தண்டும் அதன் மூடியும்

தண்டின் பெருமுனையையும் அதன் அடிமூடியையும் ஒன்றாகப் பிணைத்தே துளையைக் கடைகின்றனர். ஆதலின் ஒரு தண்டின் மூடி மற்றொரு தண்டுக்கு உதவாது. மாற்றிப் பொருத்தினால் துளை வட்டமாக இராது. கழற்றுமுன் தண்டிலும் மூடியிலும் உள்ள எண்களைச் சரிபார்க்க வேண்டும். எண் இல்லையேல் அடையாளமிட வேண்டும். 1489 எஞ்சினில் மூடி நேராகப் பிளவுபடாமல் சாய்வாகப் பிளவுபட்டிருக்கும். பெருமுனை சிலிண்டர் வழியே மேலே வெளிவர இடம் தருவதற்காகவே இவ்வமைப்பு.

மூன்று தாங்கிகளையுடைய எஞ்சின்கள் பலவற்றில் தண்டின் பெருமுனை நடுவில் அமையாது ஒருபுறம் சற்றே விலகியிருக்கும். அத்தகைய தண்டை இடம் மாற்றியோ திருப்பியோ பொருத்தினால் பிஸ்டன் சாய்ந்து ஓடும். பிஸ்டன் தலையில் முன்புறத்தைக் காட்டும் குறி இருப்பின் அதனையும் மதித்தல் வேண்டும். முள் மையத்தினின்று சற்று விலகிய பிஸ்டன்களுக்கு இது இன்றியமையாதது.

பழைய தண்டு வளைந்தோ முறுக்கியோ உள்ளதா என்பதை அறிய, இரு துளைகளிலும் நேரான உருளைக் கம்பிகளைச் செருகி, அவை இணையாக உள்ளனவா என்று இரு தளங்களிலும் அளக்க வேண்டும். வெடிப்பை அறியக் காந்தத் துகள் சோதனை சிறந்தது. அவ்வசதி இல்லாத இடத்தில் தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணப்பொடி பூசிச் சிறிதுநேரம் வைத்தால், மேற்பரப்பு வெடிப்பிலிருந்து கசியும் எண்ணெய் பொடியில் கோடாகத் தோன்றும். கோடு கண்ட தண்டை எக்காரணம் பற்றியும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

நிறுக்கும் முறை

பிஸ்டன் மேலும் கீழும் மட்டுமே செல்கிறது. தண்டின் பெருமுனை கிராங்கோடு சுழல்கிறது. எனவே தண்டின் மொத்த எடையை மட்டும் ஒப்பிடுதல் போதாது. இரு முனைகளின் எடைப்பங்கையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். இதற்குப் பள்ளி ஆய்வுக்கூடத் தராசே போதும்.

தண்டின் சிறுமுனைத் துளையின் மையத்தை ஒரு நூலால் தொங்கவிட்டு, பெருமுனைத் துளையின் மையம் தராசுத் தட்டின்மேல் தாங்கப்படுமாறு தண்டைக் கிடையாக வைத்து நிறுக்க வேண்டும். பின்னர் முனைகளை மாற்றி நிறுக்க வேண்டும். இரு எடைகளின் கூட்டுத்தொகை தண்டின் மொத்த எடைக்குச் சமமாதல் வேண்டும். ஆகவில்லையேல் நிறுத்ததில் பிழை உண்டு. எடுத்துக்காட்டாக மொத்தம் 700 கிராமும், பெருமுனைப் பங்கு 480 கிராமும், சிறுமுனைப் பங்கு 220 கிராமும் எனக் கொண்டால், புவியீர்ப்பு மையம் பெருமுனை மையத்திலிருந்து 165.1 மில்லிமீட்டரில் 700-க்கு 220 பங்கு, அதாவது சுமார் 52 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். தண்டை ஒரு கத்தி விளிம்பின்மேல் சமன்செய்து இதனைச் சரிபார்க்கலாம். திருப்புத்திறன் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, துளையிட்ட அளவுகோலைவிட மாணவர் உள்ளத்தைக் கவரும் சாதனம் இது. பழைய பொருள் விற்கும் கடைகளில் கழித்துவிடப்பட்ட தண்டு ஒன்றைப் பெறுதலும் எளிது.

நான்கு தண்டுகளையும் நிறுத்தபின், மிக இலேசானதை அளவாகக் கொண்டு மற்றவற்றைக் குறைக்க வேண்டும். உலோகத்தை எடுக்க வேண்டிய இடம், முனைகளில் இதற்கெனவே விடப்பட்ட தடித்த பகுதி. தண்டின் நடுப்பகுதியையோ, போல்ட்டுத் தலை அமரும் இடத்தையோ அரம் தொடலாகாது. குறுக்கே விழும் ஓர் அரக்கீறலும் பின்னர் வெடிப்பாக வளரக்கூடும். பிஸ்டனில் எடை குறைக்க வேண்டின் உட்புறத்தில் முள்ளைத் தாங்கும் பகுதியின் கீழ்ப்புறத்தில் சிறிதளவு எடுக்கலாம். தலையின் தடிப்பைக் குறைத்தல் கூடாது. வளையங்களையும் முள்ளையும் சேர்த்து நிறுத்து, நான்கு தொகுதிகளும் இரண்டு மூன்று கிராமுக்குள் ஒத்திருக்குமாறு செய்தால் சாதாரண உபயோகத்திற்கு நல்ல பணியாகும்.

கனமான பிஸ்டனை இலேசான தண்டோடு இணைத்து மொத்த எடையைச் சமப்படுத்துவது சிலர் கையாளும் குறுக்குவழி. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் பொருள். பெருமுனை சுழலும் பொருள். தராசில் தோன்றும் சமநிலை ஓட்டத்தில் தோன்றாது. சிறுமுனைப் பங்கும் பிஸ்டன் தொகுதியும் சேர்ந்த எடை ஒரு கணக்கு. பெருமுனைப் பங்கு மற்றொரு கணக்கு.

செய்முறைச் சுருக்கம்

களப் பணியாளர் கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொள்ளின் பெரும்பாலான பிழைகள் தவிர்க்கப்படும். முதலாவது, எஞ்சினின் எண்ணையும் வகையையும் உறுதி செய்து, பழைய பிஸ்டன் தலையிலுள்ள குறிகளை எழுதிக்கொள்க. இரண்டாவது, புதிய பிஸ்டனைப் பழையதன் அருகில் வைத்து விட்டம், முள்ளின் விட்டம், முள்ளிலிருந்து தலை வரையுள்ள உயரம், தலையின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிடுக. மூன்றாவது, முள்ளைப் பிணைக்கும் முறை தண்டோடு ஒத்ததா என்று காண்க. நான்காவது, தண்டுகளின் நேர்மையையும் வெடிப்பின்மையையும் சோதிக்க. ஐந்தாவது, நிறுத்துச் சமன் செய்க. ஆறாவது, இவை யாவும் முடிந்த பின்னரே சிலிண்டரைக் கடையக் கொடுக்க. ஏழாவது, வளையங்களைத் தனியே சிலிண்டரில் இட்டு, வாய் இடைவெளி 0.20 முதல் 0.33 மில்லிமீட்டருக்குள் உள்ளதா என்று அளக்க. எட்டாவது, புதிய போல்ட்டுகளை, விசை அளக்கும் ஸ்பானரால், கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்குக. இறுதியாக, பொருத்திய பிஸ்டனின் அளவை எஞ்சின் வார்ப்பின் மேற்பரப்பில் சிலிண்டருக்கு அருகே பொறித்து வைக்க. பின்னாளில் அதனைத் திறப்பவருக்கு அப்பொறிப்பு வழிகாட்டும்.

கிணற்றுக்கரையில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும் இக்கொள்கை பொருந்தும். அங்கே ஒத்திருக்க மற்றொரு பிஸ்டன் இல்லை எனினும், பிஸ்டனின் எடைக்கேற்பவே கிராங்கிலுள்ள எதிர்எடை அமைக்கப்பட்டுள்ளது. கனமான பிஸ்டனை இட்டால் அடிமேடையின் போல்ட்டுகள் தளர்வதைக் காணலாம்.

தராசு, அளவுகோல், மைக்ரோமீட்டர் ஆகிய மூன்றும், ஒரு நாள் பொறுமையும் இதற்குப் போதுமானவை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிற்றூர்ப் பட்டறையிலும் இச்சோதனைகளைச் செய்யலாம். கடையில் 'இதுவும் பொருந்தும்' என்று கூறித் தரப்படும் உறுப்பை அளந்தும் நிறுத்தும் பார்த்தபின் ஏற்பதே முறை. அங்ஙனம் பேணப்பட்ட எஞ்சின், தன்னைப் படைத்த தொழிற்சாலை ஓய்ந்த பின்னரும் நெடுங்காலம் உழைக்கும்.